வானொலி வீட்டுப் பிள்ளைகள்: ‘கிலுக்கம்’ பிறந்த கதை

திருவனந்தபுரத்தில் நாற்பது வயதைத் தாண்டிய யாரிடமாவது ‘கிலுக்கம்’ படத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். 1991-இல் வந்த காதல் படம் அது. மோகன்லாலும் ரேவதியும் ஜோடி. ஆனால் பேச ஆரம்பிப்பவர் அந்த ஜோடியைத் தொடவே மாட்டார். சமையல்காரன் கிட்டுண்ணிக்கு லாட்டரி அடித்த கதையைத்தான் எடுப்பார். சொல்லச் சொல்லக் குரல் இன்னசென்ட் குரலாக மாறும். அவர் முடிப்பதற்குள் பக்கத்தில் இருப்பவர் புகுந்து, ஜகதி ஸ்ரீகுமார் அடி வாங்கும் இடத்தை நடித்தே காட்டுவார். தம்பானூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலும் கேட்டிருக்கிறேன், கல்யாணப் பந்தியில் பாயசத்துக்குக் காத்திருக்கும்போதும் கேட்டிருக்கிறேன்.

கிலுக்கம் கதையின் மூலம் ஹாலிவுட்டில் இருக்கிறது. வில்லியம் வைலர் இயக்கி 1953-இல் வந்த ‘ரோமன் ஹாலிடே’. அந்தப் படத்தை ரசித்தவர்களைக் கேட்டால் அவர்கள் சொல்வது வேறு. ஸ்பானிஷ் படிக்கட்டில் உட்கார்ந்து ஆட்ரி ஹெப்பர்ன் ஐஸ்கிரீம் தின்பதைச் சொல்வார்கள். நீளமான கூந்தலை அவள் வெட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்ப்பதை, கிரிகரி பெக்கைப் பின்னால் வைத்துக்கொண்டு வெஸ்பா ஸ்கூட்டரைக் கண்டபடி ஓட்டுவதைச் சொல்வார்கள். எல்லாமே காட்சிகள். வசனம் என்று ஒன்றைக்கூடச் சொல்லிக் காட்ட மாட்டார்கள்.

ஒரே கதை. ஒரு ஊர் அதைக் கண்ணில் வைத்திருக்கிறது, இன்னொரு ஊர் காதில் வைத்திருக்கிறது. இது எப்படி நடந்தது என்பதுதான் கிலுக்கம் பிறந்த கதை என்று நினைக்கிறேன்.

முதலில் ரோம். அந்தக் கதையை எழுதியவர் டால்டன் ட்ரம்போ. அமெரிக்காவில் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய காலத்தில், நாடாளுமன்றக் குழுவின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்துச் சிறைக்குப் போன ‘ஹாலிவுட் பத்து’ பேரில் ஒருவர். அவருக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று ஸ்டுடியோக்கள் முடிவு செய்திருந்தன. ஆகவே படத்தின் நாயகியான இளவரசி ஆனின் கதை, ட்ரம்போவின் நண்பர் இயன் மெக்லெல்லன் ஹன்டர் பெயரில் பாரமவுண்டுக்குப் போனது. முதலில் ஃபிராங்க் காப்ரா எடுப்பதாக இருந்து, அது கைமாறி வைலரிடம் வந்தது. ஸ்டுடியோவில் செட் போட்டு எடுக்க மாட்டேன், ரோமிலேயே எடுப்பேன் என்று வைலர் நின்றார். செலவைக் குறைக்கப் படம் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டது. நாயகி புதுமுகம் போலத்தான். பெக் அப்போதே பெரிய நட்சத்திரம். இந்தப் பெண் ஆஸ்கர் வாங்கப் போகிறாள், என் பெயருக்குச் சமமாக அவள் பெயரையும் போடுங்கள் என்று அவரே கேட்டுக்கொண்டார் என்பார்கள். ஹெப்பர்ன் ஆஸ்கர் வாங்கினார். மூன்று விருதுகள் கிடைத்தன, அவற்றில் ஒன்று கதைக்கு. அந்தச் சிலை ஹன்டர் பெயருக்குப் போயிற்று. ட்ரம்போ 1976-இல் இறந்தார். 1993-இல்தான் அந்த விருதை அவர் மனைவி கிளியோவிடம் கொடுத்தார்கள். திரைக்கதையிலும் அவர் பெயரைச் சேர்த்து எழுத்தாளர் சங்கம் அறிவித்தது 2011-இல்.

இப்படிப் பெயரில்லாமல் பிறந்த கதை ஒன்று, பெயரில்லாமலே ஊர் ஊராகப் போனது. ஓடிப்போகும் பணக்காரப் பெண், வழியில் கிடைக்கும் ஏழை வாலிபன், அவளை வைத்துப் பணம் பார்க்கலாம் என்று முதலில் அவன் நினைப்பது, பிறகு நினைப்பு மாறுவது. இந்தச் சரடு ஹாலிவுட்டிலேயே பழையது. காப்ரா 1934-இல் எடுத்த ‘இட் ஹேப்பன்ட் ஒன் நைட்’டில் இதே சரடுதான். அதை நம் ஏ.வி.எம். நிறுவனம் ராஜ்கபூர், நர்கிஸ் நடிக்க ‘சோரி சோரி’ என்று 1956-இல் இந்தியில் எடுத்தது. சென்னைக்காரர்கள் வழியாக இந்தச் சரடு இந்தியாவுக்குள் வந்து ஒரு தலைமுறை ஆன பிறகுதான் கிலுக்கத்தின் இயக்குநர் பிரியதர்ஷன் அதைக் கையில் எடுக்கிறார்.

இனி திருவனந்தபுரம். இங்கே கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும்.

வழுதக்காட்டில் பக்தி விலாஸ் என்று ஒரு பழைய அரண்மனைக் கட்டடம் இருக்கிறது. அகில இந்திய வானொலியின் திருவனந்தபுரம் நிலையம் இயங்கும் இடம். திருவிதாங்கூர் சமஸ்தானம் 1943-இல் தொடங்கிய வானொலியை 1950-இல் அகில இந்திய வானொலி எடுத்துக்கொண்டது. கேரளத்தின் எழுத்தாளர்கள், இசைக்காரர்கள், நாடகக்காரர்கள் பலருக்குச் சோறு போட்ட இடம் அது. நாடகம் என்றால் மேடை, வேஷம், திரைச்சீலை எதுவும் இல்லாமல், குரலை மட்டும் வைத்து ஒரு வீட்டை, ஒரு சண்டையை, ஒரு சிரிப்பை எழுப்ப வேண்டும். யார் எங்கே நிற்கிறார்கள் என்பதைக் கேட்பவனுக்குக் குரலின் தூரமே சொல்லிவிட வேண்டும். ஒருவன் இழுத்துப் பேசினால் இன்னொருவன் வெடுக்கென்று பேச வேண்டும், இல்லாவிட்டால் யார் பேசுகிறார்கள் என்றே தெரியாது.

இந்த நிலையத்தில் நிகழ்ச்சித் துறையில் முதன்மையான பொறுப்பில் இருந்த நாடக ஆசிரியர் ஜகதி என்.கே.ஆச்சாரி. அவருடைய மகன்தான் ஜகதி ஸ்ரீகுமார். இதே நிலையத்தோடு வாழ்ந்த இன்னொரு எழுத்தாளர் நாகவள்ளி ஆர்.எஸ்.குறுப்பு. அவருடைய மகன் வேணு நாகவள்ளி, அவரும் வானொலியில் அறிவிப்பாளராகத்தான் வேலையைத் தொடங்கினார். 1962-இல் இங்கே சேர்ந்து, மலையாள மெல்லிசையை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தவர் எம்.ஜி.ராதாகிருஷ்ணன். அவருடைய தம்பி எம்.ஜி.ஸ்ரீகுமார்.

இப்போது கிலுக்கத்தின் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். திரைக்கதை வேணு நாகவள்ளி. நாயகனின் தோழன் நிஷ்சலாக ஜகதி ஸ்ரீகுமார். பாடியவர் எம்.ஜி.ஸ்ரீகுமார். வானொலி வீடுகளில் வளர்ந்த மூன்று பிள்ளைகள் ஒரே படத்தில் வந்து சேர்ந்தார்கள். இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. அந்த ஊரில் அந்தக் காலத்தில் சிரிப்புப் படம் எடுக்க ஆள் சேர்த்தால் இவர்கள்தான் வந்து சேருவார்கள், அவ்வளவுதான்.

குமரி மாவட்ட எல்லையில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். எங்கள் பக்கத்து ரேடியோக்களில் திருநெல்வேலியும் கிடைக்கும், திருவனந்தபுரமும் கிடைக்கும். தமிழில் ஒலிச்சித்திரம் வைப்பார்கள், முழுப் படத்தின் ஒலியைச் சுருக்கி ஒரு மணி நேரத்தில். மலையாளத்தில் அதற்கு சப்தரேகை என்று பெயர். படத்தைத் தியேட்டரில் பார்க்காமலே அதன் வசனத்தைத் தலைகீழாகச் சொல்லும் பெண்கள் இரண்டு பக்கத்திலும் இருந்தார்கள். சமையலறையில் கை வேலை பார்த்துக்கொண்டிருக்கும், காது படம் பார்க்கும். அப்படிக் கேட்டுப் பழகிய ஜனங்களுக்காக எழுதுகிறவனுக்கு, வசனம் காதில் நிற்கிறதா என்பதே முதல் கேள்வி.

பிரியதர்ஷனுக்கு வருகிறேன். 1957-இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். அப்பா கல்லூரி நூலகர். வீட்டில் புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. தைக்காட்டில் உள்ள மாடல் ஸ்கூலில் படித்தவர், பிறகு தத்துவத்தில் பட்டம். வானொலிக்குச் சின்னச் சின்ன நாடகங்கள் எழுதியதுதான் எழுத்துப் பயிற்சி. நண்பர் கூட்டத்தில் மோகன்லால், எம்.ஜி.ஸ்ரீகுமார், சுரேஷ்குமார், சனல்குமார், மணியன்பிள்ளை ராஜு, அசோக்குமார். மோகன்லாலின் வீடு பூஜப்புரைக்குப் பக்கத்தில் முடவன்முகளில். இந்தக் கூட்டம் தாங்களாகவே ஒரு படம் எடுக்கப் பார்த்தது. 1978-இல் அசோக்குமார் இயக்கிய ‘திரநோட்டம்’. மோகன்லால் முதன்முதலில் கேமரா முன்னால் நின்றது அதில்தான். படம் அந்தக் காலத்தில் தியேட்டர்களுக்கு வந்து சேரவில்லை. நண்பர்கள் கலையவும் இல்லை.

ஜகதி என்ற பகுதி, வழுதக்காடு, தைக்காடு, பூஜப்புரை. ஊரைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், எல்லாம் நடந்து போகிற தூரம். வானொலி நிலையமும் பள்ளிக்கூடமும் நடிகர்களின் வீடுகளும் இவ்வளவு நெருக்கமாக இருந்தது தற்செயல்தான். ஆனால் ஒரு கலைப் பாணி பிறப்பதற்கு இந்த மாதிரி நெருக்கம் வேண்டியிருக்கிறது. இதே ஊரில்தான் 1965-இல் அடூர் கோபாலகிருஷ்ணனும் குளத்தூர் பாஸ்கரன் நாயரும் சித்ரலேகா பிலிம் சொசைட்டியைத் தொடங்கினார்கள். உலகப் படங்களைத் திரையிட்டு, விவாதித்து, 1972-இல் ‘சுயம்வரம்’ எடுத்தார்கள். கேரளத்துப் படக்கலையைப் பற்றி எழுதும்போது எல்லோரும் அந்த வரலாற்றை எழுதுகிறார்கள், எழுதவும் வேண்டும். அடுத்த தெருவில் சிரித்துக்கொண்டிருந்த இந்தக் கூட்டத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அதை அதே மரியாதையோடு எழுத வேண்டும் என்பது என் கட்சி.

1984-இல் பிரியதர்ஷன் இயக்கிய முதல் படம் ‘பூச்சைக்கொரு மூக்குத்தி’. சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய ‘தி ஸ்ட்ரேஞ்ச் ஜென்டில்மேன்’ என்ற நாடகத்திலிருந்து எடுத்த ஆள்மாறாட்டக் கதை. இசை எம்.ஜி.ராதாகிருஷ்ணன், தயாரிப்பில் சுரேஷ்குமாரும் சனல்குமாரும். அது ஓடியது. அடுத்த ஆண்டு ‘போயிங் போயிங்’, 1965-இல் வந்த ஹாலிவுட் படத்தின் தழுவல், அந்தப் படமே ஒரு பிரெஞ்சு நாடகத்தின் தழுவல். 1986-இல் ‘தாளவட்டம்’, அது ‘ஒன் ஃப்ளூ ஓவர் தி குக்கூஸ் நெஸ்ட்’டிலிருந்து வந்தது. 1988-இல் ‘சித்ரம்’ எர்ணாகுளத்தில் ஒரு வருஷம் ஓடியது. ஆக, கிலுக்கத்துக்கு வரும்போது பிரியதர்ஷனின் கை தேர்ந்த கை. வெளியிலிருந்து ஒரு கதையின் எலும்பை எடுத்து வந்து, இங்கே சதை வைத்து, இங்கத்துக் குரல் கொடுப்பது அவருக்குக் கைவந்த தொழில். தன் படங்களுக்கு வெளிநாட்டுப் படங்கள் தூண்டுதல் என்பதை அவர் ஒளித்தவரும் அல்ல.

வேணு நாகவள்ளி இந்தப் படத்துக்கு எழுதினார் என்பதுதான் எனக்கு எப்போதும் வியப்பு. 1979-இல் வந்த ‘உள்கடல்’ முதல் அவரைக் கேரளம் பார்த்தது தாடி வைத்த சோகக் காதலனாக. காதல் தோற்ற இளைஞன் என்றால் மலையாளிகளுக்கு அவர் முகம்தான் ஞாபகம் வந்தது. அப்படிப்பட்டவர் இவ்வளவு சிரிப்பை எங்கே வைத்திருந்தார்? ‘சுகமோ தேவி’, ‘சர்வகலாசாலா’, ‘லால் சலாம்’ என்று அவர் இயக்கிய படங்களைப் பார்த்தால் பதில் கிடைக்கும். கூட்டமாக உட்கார்ந்து அரட்டை அடிக்கும் ஆண்களின் பேச்சு அவருக்கு அத்துப்படி. வானொலியில் மைக்கின் முன்னால் உட்கார்ந்து வளர்த்த காது அது.

கதை எப்படி மாறியது என்று பாருங்கள். ரோமில் அவன் பத்திரிகை நிருபன். இளவரசி என்று தெரிந்ததும், அவளுடைய ரகசியப் பேட்டிக்கு ஆசிரியரிடம் 5,000 டாலர் பேரம் பேசுகிறான். கிலுக்கம் நடக்கும் ஊட்டியில் மோகன்லாலின் ஜோஜி சுற்றுலா வழிகாட்டி. மலை ரயிலில் வந்து இறங்கும் ரேவதியின் நந்தினியைப் பார்த்து, வசதியான பெண், நாலு காசு பார்க்கலாம் என்று ஒட்டிக்கொள்கிறான். அவளோ மனநிலை சரியில்லாதவளைப் போல நடந்துகொண்டு அவன் உயிரை எடுக்கிறாள். தப்பி ஓடலாம் என்று பார்த்தால், காணாமற்போன பெண்ணைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் பரிசு என்று பத்திரிகையில் விளம்பரம் வருகிறது. உடனே மறுபடி அவளைக் கட்டிக் காக்க வேண்டியதாகிறது. இந்தப் பரிசு விளம்பரம் ‘ரோமன் ஹாலிடே’யில் இல்லை. அதற்கு முந்தைய ‘இட் ஹேப்பன்ட் ஒன் நைட்’டில் பெண்ணின் அப்பா பரிசு அறிவிப்பார். இரண்டு கதைகளின் சரடும் ஊட்டியில் முறுக்கிக்கொண்டன.

ஊரைத் தேர்ந்ததும் சாமர்த்தியம். முன்பின் தெரியாத பெண் தனியாக வந்து இறங்கினால் யாரும் ஏனென்று கேட்காத ஊர் வேண்டும். அப்படி ஓர் ஊர் அன்றைய கேரளத்தில் கிடையாது. எந்த மலையாளக் கிராமத்திலும் பஸ்ஸிலிருந்து இறங்கிய பத்தாவது நிமிஷத்தில் வீட்டுப் பெயர் கேட்டுவிடுவார்கள். ஊட்டி எல்லோருக்கும் வெளியூர். மலையாளம், தமிழ், இந்தி மூன்றும் தெருவில் புழங்கும். மொழிகள் குறுக்கே நெடுக்கே ஓடும் இடம்தான் வேணு நாகவள்ளிக்கு வாகான களம். நிஷ்சல் அடி வாங்கும் இடம் அதிலிருந்துதான் வருகிறது. எதிரில் நிற்கும் முரடன் இந்திக்காரன், மலையாளம் தெரியாது என்று நம்பி, முகம் நிறையச் சிரிப்போடு, உபசாரம் செய்யும் தொனியில் அவனை வாய்க்கு வந்தபடி திட்டுகிறான் நிஷ்சல். அவனுக்கு மலையாளம் நன்றாகவே தெரியும் என்பது பிறகுதான் தெரிகிறது. முகம் ஒன்று சொல்ல, சொற்கள் வேறொன்று சொல்ல, தொனி மூன்றாவதாக ஒன்று சொல்ல, மூன்றையும் ஒரே நேரத்தில் பிடித்து நிறுத்துகிறார் ஜகதி. வானொலி நாடகாசிரியரின் மகன் என்பதற்கு அந்தக் காட்சி ஒன்றே சாட்சி.

இதன் விதை ரோமில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். இருக்கிறது. நிருபனின் நண்பன் இர்விங், எடி ஆல்பர்ட் நடித்த புகைப்படக்காரன். காபிக் கடையில் அந்தப் பெண்ணைப் பார்த்ததும், நீங்கள் அந்த இளவரசி மாதிரியே இருக்கிறீர்களே என்று சொல்ல வாயெடுப்பான். அவன் வாயை அடைக்க நிருபன் அவன்மேல் பானத்தைக் கொட்டுவான், தட்டிவிட்டு விழ வைப்பான். சில நிமிஷம்தான். நிஷ்சலும் புகைப்படக்காரன்தான். வைலர் ஓரமாக வைத்த அந்தச் சின்ன வேடிக்கையை எடுத்து, படம் முழுக்க ஓடும் ஒரு பெரிய பாத்திரமாக்கியது திருவனந்தபுரத்துக் கை.

கிட்டுண்ணிக்கோ ரோமில் விதையே கிடையாது. ஓய்வுபெற்ற நீதிபதி பிள்ளை, திலகன். வீட்டுக்குள்ளும் கோர்ட் நடத்துகிறவர். அவரிடம் வருஷக்கணக்கில் ஏச்சு வாங்கிச் சமைத்துப்போடும் கிட்டுண்ணி, இன்னசென்ட். நந்தினி விளையாட்டுக்கு அவனை ஏமாற்றுகிறாள். பத்திரிகையில் லாட்டரி முடிவைப் பார்ப்பதுபோல அவனுடைய சீட்டு எண்ணையே இலக்கம் இலக்கமாக வாசிக்கிறாள். அவன் முதலில் அலட்சியமாகக் கேட்கிறான். ஒவ்வொரு இலக்கத்துக்கும் சரி, சரி என்று தலையாட்டுகிறான். இலக்கங்கள் கூடக் கூட அவன் குரல் தேய்கிறது. கடைசி இலக்கத்தில் காற்று மட்டுமே வருகிறது, ஆள் அப்படியே சரிகிறான். பிறகு எழுந்து நேராக முதலாளியிடம் போகிறான். இத்தனை வருஷம் விழுங்கி வைத்த எல்லாவற்றையும் கொட்டித் தீர்க்கிறான். கேரள அரசு லாட்டரி தொடங்கியது 1967-இல், இந்தியாவில் ஓர் அரசு நடத்திய முதல் லாட்டரி. காலையில் பத்திரிகையை விரித்துச் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து இலக்கம் பார்ப்பது அந்த மாநிலத்தில் லட்சக்கணக்கான பேரின் அன்றாடம். கிட்டுண்ணியின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்காத ஆளே தியேட்டரில் இருந்திருக்க முடியாது. திலகன் மேடை நாடகத்தில் உருண்டு வந்த குரல், இன்னசென்ட் இரிஞ்ஞாலக்குடைக்காரர், திருச்சூர் பக்கத்து இழுவைப் பேச்சு. அந்த இரண்டு குரல்களையும் மோத விட்டதில்தான் அந்தக் காட்சி நிற்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் சிரிப்பு வரும். நான் கேட்டிருக்கிறேன்.

படம் பெரிய வெற்றி. அந்த ஆண்டு கேரள அரசு விருதுகளில் ஐந்து இதற்கு வந்தன. சிறந்த நடிகர் மோகன்லால், இந்தப் படத்துக்கும் ‘அபிமன்யு’, ‘உள்ளடக்கம்’ படங்களுக்குமாக. இரண்டாவது சிறந்த நடிகர் ஜகதி ஸ்ரீகுமார். ஒளிப்பதிவு எஸ்.குமார், படத்தொகுப்பு என்.கோபாலகிருஷ்ணன், பாடகர் எம்.ஜி.ஸ்ரீகுமார். சிரிப்புப் படம் என்று ஒதுக்காமல் தேர்வுக் குழு கொடுத்த மதிப்பு அது.

இந்தப் படம் காதில்தான் வாழ்கிறது என்பதற்கு அடுத்த ஆண்டே ஒரு சோதனை நடந்தது. பிரியதர்ஷன் அதையே ‘முஸ்குராஹட்’ என்று இந்தியில் எடுத்தார். நாயகி அதே ரேவதி. நீதிபதியாக அம்ரிஷ் பூரி. இயக்குநர் அதே ஆள், கதை அதே கதை. எடுபடவில்லை. குரல்கள் வேறு, பேச்சு வேறு, சிரிப்பு அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை. அதே பிரியதர்ஷன் 2000-இல் மலையாள ‘ராம்ஜிராவ் ஸ்பீக்கிங்’கை இந்தியில் ‘ஹேரா பேரி’யாக எடுத்தபோது வசனத்தை நீரஜ் வோரா எழுதினார். இந்திக்காரர்களின் காதுக்கென்றே எழுதினார். இன்றும் வடக்கே அந்த வசனங்களைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

தமிழிலும் ‘ரோமன் ஹாலிடே’ வந்தது. 1994-இல் வீனஸ் பாலு இயக்கிய ‘மே மாதம்’. வினீத், சோனாலி குல்கர்னி, ஏ.ஆர்.ரஹ்மான் இசை. ஊட்டியிலிருந்து சென்னைக்கு ஓடிவரும் பெண்ணின் கதை. பாடல்களை இன்றும் கேட்கிறோம். படத்தை யாரும் சொல்லிச் சிரிப்பதில்லை.

கிலுக்கத்தின் மேல் எனக்குக் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். மனநோயை வேடிக்கையாக்கும் பகுதிகள் இன்று பார்க்கும்போது கசக்கின்றன. மனநோயாளிகள் இருக்கும் வீடுகளில் இருந்து பார்க்கிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று அன்று யாரும் யோசிக்கவில்லை. இன்று யோசிக்காமல் இருக்க முடியாது. இன்னொன்று, முடிவு. ‘ரோமன் ஹாலிடே’ முடிகிற விதம் படக்கலையின் உயரங்களில் ஒன்று. அவள் கடமைக்குத் திரும்புகிறாள். அவன் செய்தியை விற்கவில்லை. பத்திரிகையாளர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் இரண்டே இரண்டு பேருக்குப் புரியும் சொற்களில் விடைபெறுகிறார்கள். இர்விங் தான் எடுத்த படங்களை அவள் கையிலேயே கொடுத்துவிடுகிறான். கிலுக்கமோ கடைசியில் அடிதடிக்கும், அப்பா மகளை ஏற்பாரா என்ற குடும்பச் சிக்கலுக்கும் போய்விடுகிறது. பிரிவைத் தாங்கும் தைரியம் அந்தப் படத்துக்கு இல்லை. முடிவு ரோமுடையது, நடுவில் வரும் இரண்டு மணி நேரச் சிரிப்பு ஊட்டியுடையது. இரண்டையும் பார்த்த ரசிகன் என்ற முறையில் இதுதான் என் தீர்ப்பு.

ரேவதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். ‘மண் வாசனை’யிலும் ‘மௌன ராகம்’ படத்திலும் அவரைப் பார்த்த தமிழர்களுக்குத் தெரிந்த துறுதுறுப்புத்தான். ஆனால் இங்கே படத்தின் முதல் பாதியை இழுத்துப் போகிறவர் அவர்தான். நாயகன் செய்கிற சேட்டையைப் பார்த்து நாயகி முகம் சிவப்பதுதான் அன்றைய வழக்கம். கிலுக்கத்தில் சேட்டை நந்தினியுடையது, விழிப்பது மோகன்லால். ஹெப்பர்னின் இளவரசிகூட இவ்வளவு குறும்பு செய்யவில்லை.

வேணு நாகவள்ளி 2010-இல் போய்விட்டார். 2012 மார்ச்சில் நடந்த கார் விபத்துக்குப் பிறகு ஜகதி ஸ்ரீகுமாரின் குரல் நமக்குக் கிடைக்கவில்லை, ஆயிரம் படங்களுக்கு மேல் பேசிய குரல் அது. அதே ஆண்டு செப்டம்பரில் திலகன் இறந்தார். 2023 மார்ச்சில் இன்னசென்ட்டும். பண்டிகை நாட்களில் மலையாளத் தொலைக்காட்சியில் கிலுக்கம் போடும்போது, வீட்டில் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டே அடுத்த வசனத்தை முன்கூட்டிச் சொல்கிறார்கள். திரையை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

படத்தின் பெயர்ப் பட்டியலில் கதை என்ற இடத்தில் பிரியதர்ஷன் பெயர் இருக்கிறது. பரம்பரையாக வந்த சரடை எடுத்துப் புதிதாக முறுக்குவது எந்தக் கலையிலும் தவறில்லை, நம் கூத்தும் வில்லுப்பாட்டும் அப்படி வளர்ந்தவைதான். ஆனாலும் இந்தக் கதையை முதலில் எழுதிய மனிதரின் பெயரை அவருடைய நாடே நாற்பது ஆண்டுகள் மறைத்து வைத்திருந்தது. கிலுக்கம் வெளிவந்த 1991-இல் அமெரிக்காவிலும் அந்தப் பெயர் திரையில் இல்லை. இப்போது இருக்கிறது. பழைய மலையாளப் படங்களைச் சுத்தம் செய்து மறுபடி தியேட்டருக்குக் கொண்டுவரும் காலம் இது. கிலுக்கத்தை அப்படிக் கொண்டுவருகிறவர்கள், தொடக்கத்தில் டால்டன் ட்ரம்போவுக்கு நன்றி என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். வேணு நாகவள்ளி உயிரோடு இருந்தால் சேர்க்கச் சொல்லியிருப்பார் என்றே நம்புகிறேன்.